சேறோடியும் நீரோடியும்: புதுக்கோட்டைக் கண்மாய்களில் வந்து சேரும் நீரின் வரலாறு

சித்திரை, வைகாசி மாதங்களில் புதுக்கோட்டைச் சீமையில் பயணம் செய்பவர்கள் வற்றிக் கிடக்கும் கண்மாய்களின் உட்புறத்தில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரட்டைக் கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருக்கலாம். தூண்களுக்கு இடையே குறுக்குக் கற்கள் செருகப்பட்டிருக்கும். ஆடுகள் அதன் நிழலில் படுத்திருக்கும். கோயில் இருந்து இடிந்துபோன இடம் என்று எண்ணிக் கடந்து போவோரே மிகுதி. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் 'குமிழி' என்பார்கள். கல்வெட்டுகளும் அதனைக் குமிழி என்றும் தூம்பு என்றும் குறிக்கின்றன. புதுக்கோட்டை வரலாறு என்றவுடன் சித்தன்னவாசல் ஓவியத்தையும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் கொடும்பாளூர் மூவர் கோயிலையும் பேசுகிறோம். பேச வேண்டியவைதாம். ஆனால் இம்மண்ணில் ஆயிரம் ஆண்டுகளாக மக்களைச் சோறுண்ண வைத்தது இந்தக் குமிழிதான். அதைப் பற்றியும், அதன் வழியே ஓடிய நீரில் என்ன இருந்தது, இன்று என்ன இருக்கிறது என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் நில அமைப்பைச் சொல்லிவிடுவது நல்லது. இம்மாவட்டத்திற்கு வற்றாத ஆறு என்று ஒன்றில்லை. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு என்று பெயர்கள் உண்டு. மழை பெய்தால் ஓடும், நின்றால் மணல். பழங்காலத்தில் வெள்ளாற்றுக்கு வடகரை கோனாடு, தென்கரை கானாடு. இரண்டுமே வானம் பார்த்த பூமி. மேற்கே பாறை நிலம், கிழக்கே ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கம் செம்மண்ணும் செம்புரைக்கல்லும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில நாட்களில் மேட்டு நிலத்தில் விழுந்து சரிவில் வழிந்தோடும் நீரைப் பிடித்து வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. எனவே சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு கரை; அதன் கலிங்கு வழியே வழிந்த நீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு; அங்கிருந்து அடுத்ததற்கு. கண்மாய், ஏரி, ஏந்தல், குளம், தாங்கல், ஊருணி என்று பல பெயர்களில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட நீர்நிலைகள் இம்மாவட்டத்தில் உள்ளன. மேட்டிலிருந்து கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் ஓடைக்கு இங்கு வரத்துவாரி என்று பெயர். இந்தச் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் முதன்மைப் பாத்திரம் அதுதான்.

பிறை வடிவக் கரை என்றதும் தமிழ் படித்தவர்களுக்குக் கபிலர் நினைவுக்கு வருவார். பாரி இறந்தபின் பறம்பு நாட்டின் சிறுகுளம் காப்பாரின்றி உடைவதை, அதன் கரையை எட்டாம் நாள் பிறைக்கு ஒப்பிட்டுப் பாடிய புறநானூற்றுப் பாடல் (118) வகுப்பறையில் கையறுநிலைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் நடத்தப்பட்டு முடிந்துவிடுகிறது. பறம்பு என்று கருதப்படும் பிரான்மலை, பொன்னமராவதிக்கு அருகில், நமது மாவட்ட எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. பாறையையும் சிறு குன்றையும் இணைத்துக் கரை போடும் அந்த உத்தியை இன்றும் அன்னவாசல், நார்த்தாமலைப் பக்கத்துக் கண்மாய்களில் கண்ணால் காணலாம். குளம் உடைவது மழையின் குற்றத்தால் அன்று, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமையால் என்பதே அப்பாடலின் உள்ளீடு என்று நமக்குப் படுகிறது. சிறுபஞ்சமூலத்தில் காரியாசான் சொர்க்கத்துக்குப் போகிறவன் செய்யும் ஐந்து செயல்களைச் சொல்லும் பாடல் ஒன்றுண்டு. அதில் வரும் 'வழி' என்பதைப் பாதை என்று பொருள் கொள்வார் உண்டு. குளத்துக்கு நீர் வரும் வரத்துக்கால் என்று கொள்வாரும் உண்டு. பாசனம் அறிந்தவர்கள் இரண்டாவது பொருளையே விரும்புகிறார்கள். நாமும் அவர்கள் பக்கம்தான். குளத்தை மட்டும் தோண்டி வரத்துக்காலைச் செதுக்காமல் விட்டவனுக்குச் சொர்க்கம் கிடைக்க நியாயமில்லை.

இனிக் குமிழிக்கு வருவோம். இரட்டைத் தூண்களுக்கு அடியில், கண்மாயின் தரைக்குள், கற்பலகைகளால் ஆன தொட்டி ஒன்று புதைந்திருக்கும். அந்தத் தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஒரு கற்குழாய் வெளியே பாசன வாய்க்காலுக்குப் போகும். தொட்டியின் மேல்மூடியில் ஒரு வட்டத் துளை. அதற்குப் பொருத்தமான கூம்பு வடிவ அடைப்பு ஒரு நீண்ட தண்டில் கோக்கப்பட்டு, தூண்களின் குறுக்குக் கற்களில் உள்ள துளைகள் வழியே மேலே வரும். தண்டை உயர்த்தினால் நீர் மேல்துளை வழியாக இறங்கும். இத்துளை நீரோடி. இது எவருக்கும் எளிதில் புரிவது. வியப்பு அடுத்ததில் இருக்கிறது. தொட்டியின் பக்கவாட்டில், கண்மாயின் தரைமட்டத்தை ஒட்டி, வேறு சில சிறு துளைகள் உண்டு. அவை சேறோடி. மேலே நீரோடி திறக்கப்பட்டு நீர் விசையோடு பாயும்போது, தரையில் படிந்த வண்டல் இக்கீழ்த்துளைகளின் வழியே இழுக்கப்பட்டு நீரோடு கலந்து வயலுக்குப் போய்விடும். கண்மாயில் தூர் சேர்வது குறைகிறது. வயலுக்கு உரம் கிடைக்கிறது. ஒரே திறப்பில் இரண்டு காரியம். பொதுப்பணித்துறைப் பொறியாளராக இருந்து 'தமிழகப் பாசன வரலாறு' எழுதிய பழ. கோமதிநாயகம் போன்றோர் இத்தகைய நுட்பங்களைத் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். அதற்கு முன் தமிழாசிரியர்களாகிய நாம் தூம்பு என்ற சொல்லுக்கு 'மதகு' என்று அருஞ்சொற்பொருள் எழுதி, அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

(இடைக்குறிப்பு: கண்மாய் நிறைந்திருக்கும்போது நீந்திச் சென்று மூழ்கி மடை திறந்தவன் உயிரைப் பணயம் வைத்தான் என்பது உண்மை. ஆனால் அவனைக் குறித்த சொல்தான் 'மடையன்' என்ற வசைச்சொல்லாக மாறிற்று என்று மேடைகளிலும் மின்னஞ்சல்களிலும் உருக்கமாகச் சொல்லப்படுவதை நாம் ஏற்பதற்கில்லை. அறிவின்மையைக் குறிக்கும் மடையன் 'மடம்', 'மடமை' என்பவற்றின் அடியாக வந்த சொல். மடை திறந்தவனின் பெருமைக்கு இந்தப் போலிச் சொற்பிறப்பு தேவையில்லை.)

இத்தூண்களில் பலவற்றில் எழுத்து இருக்கிறது. பெரும்பாலும் ஓரிரு வரிகள்: இக்குமிழியைச் செய்வித்தவன் இன்னான் என்ற அளவில் முடிந்துவிடும். மன்னனின் மெய்க்கீர்த்தி கிடையாது, வெற்றிப் பட்டியல் கிடையாது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலத்தைக் கால வரிசையில் ஒரே தொகுதியாக வெளியிட்டது. ஒரு சிறிய அரசு செய்த பெரிய காரியம் அது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கே.ஆர். சீனிவாச ஐயர் 1940களில் கொண்டுவந்தார், கே.ஆர். வேங்கடராம ஐயரின் சமஸ்தான வரலாற்றுக் கையேடும் ஏறத்தாழ அதே காலத்தது. அத்தொகுதியைப் புரட்டினால் நீர் பற்றிய செய்தி எத்தனை இடங்களில் வருகிறது என்பது தெரியும். மார்ப்பிடுகு பேரதியரையரின் சேவகனான வாலி வடுகன் என்ற கலிமூர்க்க இளவரையன் தன் பெயரால் வாலி ஏரி அமைத்த பல்லவர் காலச் செய்தி அதில் உண்டு. ஊர்ச்சபைகள் ஏரியைப் பேணிய முறைக்கு நாம் வழக்கமாக உத்திரமேரூரைத்தான் காட்டுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) அக்கல்வெட்டுகளில் ஏரி வாரியம் தனியாகவே வருகிறது. ஏரியில் ஓடம் விட்டு வண்டல் அள்ளுவதற்கென்று அறக்கட்டளை வைத்ததும், மீன் குத்தகையாகிய பாசிப்பாட்டத்தை ஏரிக்கே செலவிட்டதும் தமிழகக் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படும் செய்திகள். ஏரியிலிருந்து கிடைத்த காசு ஏரிக்கே என்பது எளிய கணக்கு. இன்றைய வரவுசெலவுத் திட்டங்களில் அது அரிய கணக்காகிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நீரின் அளவைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்கள் நீரின் தன்மையைப் பற்றிக் கவலைப்பட்டார்களா?

பட்டார்கள், ஆனால் வேறு விதமாக. கண்மாய் என்பது வயலுக்கு. ஊருணி என்பது வாய்க்கு. ஊரார் உண்ணும் நீர் என்பதால் ஊருணி என்று பெயர் சொல்லுவதே போதும். ஊருணிக்கு நீர் வரும் மேட்டு நிலத்தில் உழவு கிடையாது, மாட்டைக் கழுவக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, காலை நனைக்கவும் கூடாது என்ற கட்டுப்பாடுகள் பல ஊர்களில் நம் தலைமுறை வரையிலும் இருந்தன. காவலுக்கு ஆள் போட்ட ஊர்களும் உண்டு. செம்புரைக்கல் மேட்டில் வெட்டிய ஊருணியின் நீர் செம்மண் கலந்து கலங்கலாக இருக்கும்; தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்துத் தெளிய வைத்துக் குடித்தார்கள். நகரத்திலும் இந்த எண்ணம் இருந்தது. 1878இல் புதுக்கோட்டைக்குத் திவானாக வந்து, பின்னர் ரீஜெண்டாகவும் இருந்து, 1894இல் விலகிய சேஷையா சாஸ்திரி, நகரின் குளங்களைச் செப்பனிட்டதைக் குடிநீர்ப் பணியாகவே கருதினார். விளைச்சலை அரசும் குடியானவனும் பங்கிட்டுக்கொள்ளும் அமானி முறையை ஒழித்தவரும் அவரே. குடியானவனுக்கு அது விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அமானியில் கண்மாய் வற்றினால் அரசின் பங்கும் வற்றும். பண வரியில் அந்த நேரடி வலி குறைந்துவிடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆக, பழைய முறையின் அறிவு முழுவதும் கண்ணால் காணக்கூடியதைச் சார்ந்தது. வண்டல் கண்ணுக்குத் தெரியும், அதற்குச் சேறோடி. அழுக்கு கண்ணுக்குத் தெரியும், அதற்கு ஊர்க்கட்டுப்பாடு. வயலிலிருந்து வழிந்து கண்மாய்க்கு வரும் நீரில் மண்ணும் சருகும் ஆட்டுப் புழுக்கையும் தவிர வேறொன்றும் இராத காலத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது. நீரில் கரைந்து, நிறமில்லாமல், மணமில்லாமல் வரும் ஒன்றைப் பார்ப்பதற்கு வேறு கண் வேண்டும். அந்தக் கண் முதலில் திறந்தது இங்கிலாந்தில்.

இலண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் ஜான் லாஸ் என்னும் நிலக்கிழார், கில்பர்ட் என்ற வேதியியலாரோடு சேர்ந்து 1843இல் வயல் சோதனைகளைத் தொடங்கினார். பிராட்பாக் என்ற கோதுமை வயலைப் பட்டை பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக உரமிட்டார்கள். அந்த வயல் இன்றும் சோதனையில் இருக்கிறது. 1849இல் ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே நிலத்தடியில் ஓட்டுக்குழாய் வடிகால் பதிக்கப்பட்டது. வயல் நீர் தேங்காமல் இருப்பதற்காகப் பதித்த குழாய்கள் அவை. பிறகுதான் குழாய் வாயில் வடிகிற நீரை ஏந்திப் பார்த்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1860களில் அந்த நீரைப் பகுத்தாய்ந்தவர்களில் ஒருவர் அகஸ்டஸ் வோல்க்கர். எந்தப் பட்டைக்கு அம்மோனிய உப்பு அதிகம் இட்டார்களோ அந்தப் பட்டையின் வடிநீரில் நைட்ரேட் அதிகம். உழவன் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரம் குழாய் வழியே ஓடிக்கொண்டிருந்தது! 1870இல் லாஸும் கில்பர்ட்டும் ஒரு படி மேலே போய், ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்புள்ள மண்கட்டிகளை அப்படியே அசையாமல் அடியில் தட்டு வைத்துக் கட்டி, 20, 40, 60 அங்குல ஆழங்களில் வடியும் நீரை அளந்தார்கள். ஓடும் பண்ணையில் நீரின் அளவையும் தன்மையையும் சேர்த்துக் கண்காணிப்பது என்ற வழக்கம் இப்படித் தொடங்கியது.

இந்த வோல்க்கரின் மகன் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். இந்திய வேளாண்மையைச் சீர்திருத்த வழி சொல்லும்படி அரசு அவரை 1889இல் இங்கே அனுப்பியது. நாடெங்கும் சுற்றிவிட்டு 1893இல் வெளியான தமது அறிக்கையில், இந்திய உழவனுக்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் ஒன்றுமில்லை, பல இடங்களில் அவனிடம் கற்கவே இருக்கிறது என்ற கருத்துப்பட எழுதினார். இயற்கை வேளாண்மை பேசும் நண்பர்கள் இதனை அடிக்கடி மேற்கோள் காட்டி மகிழ்வதுண்டு. தந்தை செய்த வடிநீர் ஆராய்ச்சியை யாரும் சொல்லக் கேட்டதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும் என்பது நம் எண்ணம்.

நம் ஊருக்குத் திரும்புவோம். சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியாகி, 1974இல் தனி மாவட்டமாயிற்று. இந்த இடைக்காலத்தில் பசுமைப் புரட்சி வந்தது. யூரியா வந்தது. எண்பதுகளிலும் அதன் பிறகும் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகின. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரம் வாழை, தென்னை, பலா, பூ என்று சோலையானது. அந்தச் சோலையை அங்கிருந்த உழைப்பாளிகள்தாம் உண்டாக்கினார்கள் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கண்மாயை நம்ப வேண்டாத உழவன் உருவானபோது வரத்துவாரியைச் செதுக்கும் ஆளும் மறைந்தான். மேற்கே வேறொரு மாற்றம். மேட்டு நிலக் காடுகளில் தைலமரம் நடப்பட்டது. கன்றுகளுக்கு ஈரம் பிடிப்பதற்காக வெட்டிய குழிகளும் போட்ட வரப்புகளும் மழைநீரை அங்கேயே நிறுத்திவிடுவதால் கீழே உள்ள கண்மாய்களுக்கு வரத்து இல்லை என்று மாவட்ட விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குறைதீர்க்கும் கூட்டங்களில் முறையிட்டு வருகிறார்கள். ஒரு பெருமழையில் இத்தனை இடத்திலிருந்து இத்தனை நீர் வந்தது, இத்தனை வரவில்லை என்று அளந்த எண் கையில் இருந்தால் இந்த வழக்கு இத்தனை ஆண்டு இழுபடுமா என்று நமக்குத் தோன்றுவதுண்டு. மரம் எவ்வளவு நீர் குடிக்கிறது என்ற விவாதத்தில் ஆளுக்கொரு கட்சி. வரப்பு எவ்வளவு நீரை மறிக்கிறது என்பதோ அளந்தால் தெரிந்துவிடும்.

அளப்பது கடினமா? ஓடையின் குறுக்கே ஒரு பலகை. அதில் செங்கோண வடிவில், 'வி' எழுத்தைப் போல ஒரு வெட்டு. அதன் வழியே வழியும் நீரின் உயரத்தை வெட்டுக்குச் சற்று மேற்பகுதியில் ஓர் அளவுகோலால் பார்த்தால் போதும். உயரம் 10 சென்டிமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர். 20 சென்டிமீட்டர் என்றால் சுமார் 25 லிட்டர். உயரம் இரு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. மழை பெய்யும்போது கால் மணிக்கு ஒருமுறை எழுதி வைத்தால் அந்த நிலத்திலிருந்து எவ்வளவு நீர் இறங்கியது என்பது கணக்காகிவிடும். ஒரு ஹெக்டேர் நிலத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயர நீர் வழிந்தால் அது ஒரு லட்சம் லிட்டர். அதில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் நைட்ரேட் கரைந்திருந்தால் அந்த ஒரு மழையில் ஒரு கிலோ போயிற்று. வோல்க்கர் செய்ததும் இந்தக் கணக்கையே.

நைட்ரேட் என்ன செய்யும் என்று கேட்கலாம். கண்மாயில் சேர்ந்தால் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கும். அவை அழுகும்போது நீரின் உயிர்வளியைத் தின்றுவிடும். மீன் வாய் திறந்து மேலே வரும். நிலத்தடியில் இறங்கினால் கிணற்றுக்கு வரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் இல்லாவிட்டாலும் இதில் தளர்வு கிடையாது. கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரிக்கும் நோய்க்கும் கிணற்று நைட்ரேட்டுக்கும் உள்ள தொடர்பை 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் எழுதினார். ஐரோப்பிய நாடுகள் 1991இல் நைட்ரேட்டுக்கென்றே தனி ஆணை கொண்டுவந்தன. தொழிற்சாலையின் குழாய்க்கு நம் நாட்டில் 1974 முதல் நீர்ச்சட்டம் இருக்கிறது. வயலுக்குக் குழாய் கிடையாது. அது நான்கு பக்கமும் வழிகிறது. யாரைப் பிடிப்பது? பிடிக்க வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. கடனில் நிற்கும் சிறு விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் எந்தக் கண்காணிப்பும் இங்கே ஒரு பருவம்கூட நிலைக்காது. லாஸ் தம் சொந்த வயலைத் தாமே அளந்தார். அதுபோல, தன் வயலிலிருந்து போவது தன் காசு என்று தெரிந்துகொள்ளும் பொருட்டு விவசாயியே அளப்பதுதான் நடக்கக்கூடியது.

நடக்கக்கூடியது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கீரனூர்ப் பக்கம் ஓடுகம்பட்டியில் 'குடும்பம்' அமைப்பின் கொழுஞ்சிப் பண்ணை இருக்கிறது. நம்மாழ்வார் தொடர்பு கொண்டிருந்த இடங்களில் அதுவும் ஒன்று. மொட்டைச் சரளை நிலம் மழைநீரை நிறுத்தி மரம் வளர்த்ததால் என்ன ஆகும் என்பதற்கு அது கண்கண்ட சான்று. வழிந்தோடும் நீர் வேகம் குறைந்தால் மண்ணும் குறைவாகவே போகும். மண்ணோடு ஒட்டிப் போகும் உரமும் நிற்கும். இது அளந்து காட்டத் தக்கது. அடுத்தடுத்து இரண்டு வயல்கள், ஒரே சரிவு, ஒரே பயிர். இரண்டையும் முதலில் சில பருவங்கள் எந்த மாற்றமும் செய்யாமல் அளந்துகொண்டு, பிறகு ஒன்றில் மட்டும் வரப்பை உயர்த்தியோ, உரத்தைப் பிரித்து இட்டோ பார்ப்பது உலகெங்கும் வயலோரக் கண்காணிப்பில் கையாளப்படும் முறை. குடுமியான்மலையில் அரசின் அண்ணா பண்ணை இருக்கிறது, வேளாண் கல்லூரி இருக்கிறது. வம்பனில் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இடத்துக்கும் படித்த ஆட்களுக்கும் பஞ்சமில்லை.

ஊருக்குள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். பெட்டியில் சில துளி மருந்து, ஒரு நிற அட்டை. நைட்ரேட், ஃபுளோரைடு, குளோரைடு, கடினத்தன்மை, இரும்பு எல்லாம் தோராயமாகத் தெரிந்துவிடும். கிருமிக்கு ஒரு சிறு புட்டி. மலக்கலப்பு இருந்தால் நீர் கறுத்துப் போகும். 1982இல் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் நம் நாட்டவர் கண்டுபிடித்த எளிய முறை அது. இன்று பல நாடுகளில் புழங்குகிறது. 1991இல் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் ஏறக் கற்றுக்கொண்ட பெண்களின் மாவட்டம் இது. நிற அட்டை பார்ப்பது அவர்களுக்கும் அவர்கள் பெண்களுக்கும் பெரிய வித்தையன்று.

புதுக்கோட்டையில் நீரின் தூய்மையைப் பற்றி எழுதும் எவரும் ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் தெரிந்தது. ஊருணியைக் காத்த பழைய கட்டுப்பாட்டை மேலே புகழ்ந்தோம். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் யார் எந்தத் துறையில் இறங்கலாம், யார் இறங்கவே கூடாது என்ற கட்டளையும் இருந்தது என்பதை அதே மூச்சில் சொல்லாவிட்டால் அது வரலாறு ஆகாது. கறுத்துப் போகும் சிறு புட்டிக்குச் சாதி தெரியாது. ஆகவேதான் அது எல்லாத் தெருக்களிலும், எல்லாத் தொட்டிகளிலும், குறித்த நாளில், கேட்காமலே வைக்கப்பட வேண்டிய பொருள் என்கிறோம். 2017இல் நெடுவாசலில் எண்ணெய் எடுப்புக்கு எதிராக மக்கள் மாதக்கணக்கில் அமர்ந்தபோது முன்வைத்த அச்சங்களில் முதன்மையானது நிலத்தடி நீர் கெடும் என்பது. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய நமது ஐந்து ஒன்றியங்களும் சேர்ந்தன. வெளியிலிருந்து வரும் கேட்டுக்குச் சட்டம் கிடைத்துவிட்டது. நம் வயலிலிருந்தே கிளம்பி நம் கண்மாய்க்கு வருவதைப் பார்க்கும் பொறுப்பு சட்டத்தில் இல்லை.

எங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவர்கள் ஆண்டுதோறும் சிறப்பு முகாம் போகிறார்கள். வழக்கமாகக் கோயில் வளாகத்தில் புல் வெட்டி, சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு வருவார்கள். இம்முறை கண்மாய் ஒன்றின் வரத்துவாரியை மேட்டிலிருந்து வாய் வரை நடந்து படம் வரைந்து வருமாறு சொன்னோம். நான்கு கிலோமீட்டர் தூரத்தில் ஓடை மூன்று இடங்களில் வயலாகியிருக்கிறது, ஓர் இடத்தில் செங்கல் சூளைக்குப் பாதை போட்டிருக்கிறார்கள், இரண்டு இடங்களில் தோட்டத்து வடிகால் நேரே வந்து விழுகிறது. இத்தனையையும் தமிழ் இளங்கலை மாணவர்கள் ஒரு பிற்பகலில் எழுதிக்கொண்டு வந்தார்கள். கூட வந்த பெரியவர் ஒருவர், வரத்துவாரி வாயில் இருந்த புளியமரத்தைக் காட்டி, முதல் வெள்ளம் இங்கே வரும்போது நிறம் பார்த்தே எந்த மேட்டில் மழை என்று சொல்லிவிடுவோம் என்றார். சிவப்பு என்றால் வடமேற்கு, வெளிறிய நிறம் என்றால் தெற்குக் களர். நுரை கட்டி வந்தால் என்ன அர்த்தம் ஐயா என்று ஒரு மாணவி கேட்டாள். அது எங்க காலத்துல இல்லம்மா என்றார்.

மாதிரி எடுக்கும் முறையில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. உரமிட்ட பிறகு பெய்யும் முதல் பெருமழையின் முதல் ஓட்டத்தில் எடுக்க வேண்டும். மறுநாள் எடுத்தால் பயனில்லை, கரைந்தது போயிருக்கும். சுத்தமான புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசி, நிரப்பி, இடமும் நேரமும் எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முதல் மழை பெரும்பாலும் இரவில்தான் வருகிறது என்பதால், வாரி வாய்க்கு அருகில் வீடு உள்ள இரு மாணவர்களிடம் ஆறு புட்டிகளும் ஒரு டார்ச் விளக்கும் கொடுத்து வைத்திருக்கிறோம்.